விழித்திருப்பவரைக் குப்புறப் படுக்க வைப்பது: டெல்டா வார்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கேஸ் ஷீட்டில் ‘ப்ரோன் பொசிஷன்’, அதாவது குப்புறப் படுத்த நிலை என்று எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் வென்டிலேட்டர் இல்லாமல், மயக்க மருந்து இல்லாமல், முழு நினைவோடு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் அந்த நிலையில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்க வேண்டுமென்றால் அதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், தலையணைகள் வேண்டும், சாப்பாட்டு நேரத்தை மாற்ற வேண்டும், சிறுநீருக்கு வழி செய்ய வேண்டும், அப்புறம் நோயாளிக்கு இது எதற்கு என்று புரிந்திருக்கவும் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அரை மணி நேரத்தில் திரும்பி மல்லாந்து படுத்துவிடுவார், நாமும் ரவுண்ட்ஸில் ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். இந்தக் கேஸை விரிவாக எழுதுவது அதற்காகத்தான். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். இடம் காவிரி டெல்டாவில் ஓர் அரசு மருத்துவமனை என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும்.

ஐம்பது வயதைத் தாண்டிய பெண், விவசாயக் கூலி வேலை. கார்த்திகை மாதக் கடைசி, சம்பாவில் களை பறிப்பு நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு வாரமாகக் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, உடம்பு வலி. ஊரில் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாகவே இருந்திருக்கிறது. ஐந்தாம் நாள் வறட்டு இருமல், ஏழாம் நாள் கொல்லைப்புறம் வரை நடப்பதற்குள் மூச்சு முட்டியிருக்கிறது, 108-ஐ அழைத்துவிட்டார்கள். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஆஸ்துமா இல்லை. விறகடுப்பில் சமைக்கிறவர்.

வரும்போது வெளிக்காற்றில் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 84 சதவீதம். மூச்சு நிமிடத்துக்கு 34, நாடி 118, ரத்த அழுத்தம் 104/66, காய்ச்சல் 102 ஃபாரன்ஹீட். பேசினால் நாலு வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார், ஆனால் கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்னார். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் கீழ்ப்பகுதி வெள்ளை பூத்திருந்தது. எக்கோவில் இதயம் நன்றாக இருந்தது. பிளேட்லெட் 74,000, கல்லீரல் என்சைம்கள் மூன்று மடங்கு கூடியிருந்தன.

இந்த மாதங்களில் டெல்டாவில் இப்படி ஒருவர் வந்தால் மனதில் ஓட வேண்டிய பெயர்கள் டெங்கு, எலிக்காய்ச்சல், இன்ஃப்ளூயன்சா, கோவிட், ஸ்க்ரப் டைஃபஸ். கடைசியாகச் சொன்னது ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியாவால் வருவது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒரு பூச்சியின் இளம்பருவம் கடித்துப் பரவுகிறது. அந்தப் பூச்சி ஒட்டி வாழ்வது எலியில், எலி வளை இருப்பது வரப்பில், வரப்புப் புல்லில் உட்கார்ந்துதான் களையெடுக்கிறவர்கள் கஞ்சி குடிக்கிறார்கள். கிட்டி வைத்து எலி பிடிக்கிற வயல்களில் வேலை செய்கிறவருக்கு இந்த நோய் வராது என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. அதனால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் முதல் மணி நேரத்திலேயே டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் ஊசியாக ஆரம்பித்தோம். கூடவே வழக்கமான நிமோனியாவுக்கான ஆன்டிபயாடிக்கும், இன்ஃப்ளூயன்சா மருந்தான ஓசல்டாமிவிரும். இன்ஃப்ளூயன்சா, கோவிட் ஸ்வாப் இரண்டும் இல்லை என்று வந்ததும் ஓசல்டாமிவிரை நிறுத்தினோம். டெங்கு பரிசோதனையிலும் எதுவும் வரவில்லை.

மருந்து சரி. அது வேலை செய்யக் குறைந்தது ஒன்றிரண்டு நாட்கள் ஆகும். ஸ்க்ரப் டைஃபஸில் சரியான மருந்து போய்விட்டால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் அடங்கும். அதுவரை நுரையீரல் தாங்க வேண்டும்.

பை வைத்த மாஸ்க்கில் 15 லிட்டர் ஆக்சிஜனுக்கு 90-ஐத் தாண்டவில்லை. மூக்குக் குழாய் வழியாக வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் ஹை ஃப்ளோவுக்கு மாற்றினோம், நிமிடத்துக்கு 50 லிட்டர், ஆக்சிஜன் 60 சதவீதம். சாச்சுரேஷன் 92, மூச்சு 34. தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 66, அதை 0.6 ஆல் வகுத்தால் 110. நடுத்தரத்திலிருந்து தீவிரத்தை நெருங்குகிற நுரையீரல் பாதிப்பு இது. ராக்ஸ் குறியீடு போட்டுப் பார்த்தோம், அதாவது சாச்சுரேஷனை கொடுக்கிற ஆக்சிஜன் அளவால் (இங்கே 0.6) வகுத்து, வந்ததை மூச்சு எண்ணிக்கையால் வகுப்பது. 4.5 வந்தது. 4.88-க்கு மேல் இருந்தால் வென்டிலேட்டருக்காக மூச்சுக்குழாயில் ட்யூப் போடும் அபாயம் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம், 12 மணி நேரம் கழித்தும் 3.85-க்குக் கீழே இருந்தால் அபாயம் அதிகம். இவர் இரண்டுக்கும் நடுவில். இப்படி நடுவில் நிற்பவர்களில்தான் குப்புறப் படுக்க வைப்பதால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து.

ஆரம்பிக்கும் முன்பே எப்போது நிறுத்துவது என்பதை எழுதி வைத்தோம். மூச்சு 40-ஐத் தொட்டால், கழுத்துத் தசைகளும் விலாவும் இழுத்து மூச்சு விட்டால், உளறினாலோ தூங்கி வழிந்தாலோ, ஆக்சிஜனைக் கூட்டியும் 88-க்குக் கீழே நின்றால், ரத்த அழுத்தம் விழுந்தால், அதற்கு மேல் குப்புறப் படுக்க வைத்துப் பார்ப்பது கிடையாது, ட்யூப் போட வேண்டும். மயக்கவியல் டாக்டரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. குப்புறப் படுத்ததும் மானிட்டரில் எண் ஏறும், பார்க்கிற எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும், ஆனால் நோயாளி உள்ளே களைத்துக்கொண்டே இருக்கலாம். பலமாக இழுத்து விடுகிற மூச்சே புண்பட்ட நுரையீரலை இன்னும் புண்படுத்தும். சாச்சுரேஷனை மட்டும் பார்த்துக்கொண்டு ட்யூப் போடுவதைத் தள்ளிப்போட்டால் போடும்போது நிலைமை கைமீறியிருக்கும்.

முதல் முறை இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை. ‘மூச்சு முட்டிச் செத்துப் போயிடுவேன் சிஸ்டர், என்னைத் திருப்பி விட்டுடுங்க’ என்று கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் வற்புறுத்தவில்லை. தூக்க ஊசி போட்டுப் படுக்க வைக்கலாமா என்று பயிற்சி டாக்டர் ஒருவர் கேட்டார். கூடாது. ட்யூப் இல்லாமல் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பவருக்குத் தூக்க மருந்து கொடுத்தால் மூச்சு குறைந்துபோகும், களைப்பு வெளியே தெரியாது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிவிட்டு, எது வலிக்கிறது என்று ஸ்டாஃப் நர்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

கேட்கக் கேட்கத்தான் விஷயம் வந்தது. தாலிக்கயிற்றின் குண்டு நெஞ்சில் அழுத்துகிறது. கொண்டை இருப்பதால் தலையைப் பக்கவாட்டில் திருப்பி வைக்க முடியவில்லை. ஈசிஜி பட்டன்கள் குத்துகின்றன. பாவாடை நாடா வயிற்றை இறுக்குகிறது. இது எதுவுமே வைத்தியப் புத்தகத்தில் இருக்காது. தாலிக்கயிற்றைக் கழற்ற மனம் வராது, அதைக் கழற்றச் சொல்லவும் வேண்டியதில்லை, முதுகுப் பக்கம் திருப்பிப் போட்டார்கள். கொண்டையை அவிழ்த்து ஒரு பக்கமாகத் தளர்வாகப் பின்னினார்கள். பட்டன்களை முதுகில் ஒட்டினார்கள். நாடாவைத் தளர்த்தினார்கள்.

நாடாவைத் தளர்த்தியபோதுதான் நர்ஸ் அதைப் பார்த்தார். இடுப்பின் பின்பக்கம், நாடா பதிந்த கோட்டுக்குக் கீழே, சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு சின்னக் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த விளிம்பு. வலியும் இல்லை அரிப்பும் இல்லை என்பதால் நோயாளிக்கே அது இருப்பது தெரியாது. முதல் நாள் வேகத்தில் முன்பக்கம், அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கு என்று தேடியிருந்தோம். மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரின் இடுப்புக்குப் பின்னால் இருந்ததைத் திருப்பிப் படுக்க வைத்ததுதான் காட்டிக்கொடுத்தது. ஸ்க்ரப் டைஃபஸுக்கான ஐஜிஎம் ரத்தப் பரிசோதனை பிறகு பாசிட்டிவ் என்று வந்தது, ஆனால் பூச்சி கடித்த இடத்தின் அடையாளமான அந்தப் பொருக்கைப் பார்த்த கணத்திலேயே சந்தேகம் தீர்ந்துவிட்டது.

தலையணை விஷயத்துக்கு வருவோம். 2021 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் வீட்டில் இருக்கும் கோவிட் நோயாளிகளுக்காக வெளியிட்ட வழிகாட்டி பலருக்கு நினைவிருக்கும். கழுத்துக்கு அடியில் ஒன்று, நெஞ்சிலிருந்து தொடை மேற்பகுதி வரை ஒன்றிரண்டு, முழங்காலுக்குக் கீழே கெண்டைக்கால் பக்கம் இரண்டு. நல்ல அடிப்படை அது. வயிறு கொஞ்சம் பெரிதாக உள்ளவர்களுக்கு நெஞ்சுக்கு ஒன்று, இடுப்பெலும்புக்கு ஒன்று என்று பிரித்து வைத்து, நடுவில் வயிறு தொங்குவதற்கு இடம் விட்டால் மூச்சு இன்னும் லேசாகிறது. வார்டில் இருந்த தலையணைகள் நைந்துபோய்த் தட்டையாக இருந்தன. மகளிடம் சொன்னதும் மறுநாள் காலையில் உறவுக்காரர் ஒருவர் வீட்டிலிருந்து இரண்டு இலவம்பஞ்சுத் தலையணை கொண்டுவந்தார். கெட்டியான இலவம்பஞ்சு எளிதில் அமுங்குவதில்லை, அன்றைக்குப் பெரிய உதவி அதுதான். ஒரு கை தலைக்கு மேலே மடங்கி, மறு கை உடம்போடு, முகம் மேலே போன கையின் பக்கம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கையையும் முகத்தையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தோள் நரம்பு இழுபடும், கன்னம் புண்ணாகும்.

இரண்டாவது முறை ஒரு மணி ஐம்பது நிமிடம் படுத்திருந்தார். சாச்சுரேஷன் 92-லிருந்து 96, மூச்சு 34-லிருந்து 28, ராக்ஸ் 5.7. திரும்பி உட்கார்ந்த பிறகு 93, மூச்சு 30.

ஏன் ஏறுகிறது என்று வீட்டாருக்கு எப்படிச் சொன்னோம் என்பதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் புரிந்த பிறகுதான் ஒத்துழைப்பு வருகிறது. நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம்தான் இருக்கிறது. மல்லாந்து படுத்தால் இதயத்தின் எடையும், வயிற்று உறுப்புகள் மேலே தள்ளுவதும் சேர்ந்து அந்தப் பின்பகுதியை அமுக்கிவிடுகின்றன, காற்றறைகள் மூடிக்கொள்கின்றன. ஆனால் ரத்தம் எப்படிப் படுத்தாலும் அந்தப் பின்பகுதிக்குத்தான் அதிகம் போகிறது. காற்று போகாத இடத்துக்கு ரத்தம் போய் வெறுங்கையோடு திரும்பி வருகிறது. குப்புறப் படுத்தால் இதயம் நெஞ்செலும்பின் மேல் அமர்ந்துகொள்கிறது, பின்பகுதி விரிகிறது, ரத்தம் போகிற இடத்துக்கே காற்றும் போய்ச் சேர்கிறது. சளி வெளியேறுவதும் சுலபமாகிறது.

எதிர்ப்பும் வந்தது. பார்க்க வந்த மூத்த நாத்தனார், ‘பொம்பளை குப்புறப் படுக்கலாமா, நோவுல கிடக்கிறவளை இப்படிப் போட்டு வச்சிருக்கீங்களே’ என்று சண்டைக்கே வந்துவிட்டார். நம் வீடுகளில் குப்புறப் படுக்காதே என்று சொல்லிச் சொல்லியே பெண்பிள்ளைகளை வளர்க்கிறோம், அவர் கேட்டதில் தப்பு இல்லை. நர்ஸ் அவரோடு வாதாடவில்லை. ‘பெரியம்மா, இங்க வந்து இந்த நம்பரைப் பாருங்க’ என்று மானிட்டர் பக்கத்தில் நிறுத்தி வைத்தார். 92, 93, 94 என்று கண்ணெதிரே ஏறியது. அதன் பிறகு அம்மா திரும்ப முயன்றபோதெல்லாம் ‘செத்த நேரம் பொறுத்துக்க தாயி’ என்று சொன்னவர் அந்த நாத்தனார்தான்.

மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், செய்தி கேட்டு ராத்திரி பஸ்ஸில் வந்திருந்தார். அவர் எக்ஸ்ரே கவரின் பின்பக்கத்தில் பேனாவால் கோடு போட்டு, படுத்த நேரம், எழுந்த நேரம், படுக்கும் முன் என்ன எண், எழும்போது என்ன எண் என்று எழுத ஆரம்பித்தார். யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் சார்ட்டைவிட அது ஒழுங்காக இருந்தது, இரண்டாம் நாள் ரவுண்ட்ஸில் அதை வைத்துத்தான் கணக்குப் பார்த்தோம். முதல் நாள் மொத்தம் சுமார் 5 மணி நேரம், இரண்டாம் நாள் 9.

5 எப்படி 9 ஆனது என்பதில்தான் இந்தக் கேஸின் முக்கால்வாசி இருக்கிறது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் குப்புறப் படுக்கக் கூடாது, அதனால் மூன்று பெரிய வேளைச் சாப்பாட்டை உடைத்து, சிறிது சிறிதாகக் கஞ்சியும் இட்லியும் கொடுத்தோம். விடியற்காலை நாலு மணிக்கு எப்படியும் விழித்துவிடுகிற பழக்கம் அவருக்கு, அந்த இரண்டு மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டோம். காலைச் சாப்பாடு முடிந்து ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு. மதியம் இரண்டரையிலிருந்து ஐந்து, அதாவது பார்வையாளர்கள் வருவதற்கு முன்பு வரை. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் இரண்டு மணி நேரம். நடுவில் ஒருக்களித்தும், சாய்ந்து உட்கார்ந்தும். படுப்பதற்கு முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும், இதை மறந்தால் நாற்பதாவது நிமிடத்தில் எல்லாம் கலையும். முகம் இருக்கும் பக்கம் ஸ்டூலில் போனைச் சாய்த்து வைத்துப் பேரனோடு வீடியோவில் பேச விட்டோம். பேச வேண்டாம், கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள் என்று சொல்லியிருந்தோம்.

இரண்டாம் நாள் நள்ளிரவு தாண்டி ஒரு சம்பவம். ஒருக்களித்திருந்தவர் தூக்கத்தில் தானாகவே குப்புறச் சாய்ந்திருக்கிறார், சாச்சுரேஷன் திடீரென்று 81. நர்ஸ் முதலில் பார்த்தது குழாயை. கன்னத்துக்கும் தலையணைக்கும் நடுவில் ஹை ஃப்ளோ குழாய் மடங்கி, ஒரு பக்க மூக்கிலிருந்து நழுவியிருந்தது. சரிசெய்ததும் இரண்டு நிமிடத்தில் 94. யாரும் பக்கத்தில் இல்லாத வார்டில், மானிட்டர் இல்லாத கட்டிலில் இது நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. குப்புறப் படுத்தவரின் முகம் நமக்குத் தெரியாது, உதடு நீலம் பூப்பது தெரியாது. அதனால் தொடர் ஆக்சிமீட்டர் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது, நர்ஸ் மேசையிலிருந்து பார்வை படுகிற கட்டிலில்தான் செய்ய வேண்டும்.

மூன்றாம் நாள் காலை காய்ச்சல் விட்டது. ஆக்சிஜன் 45 சதவீதத்தில் 95, மூச்சு 26. ஐந்தாம் நாள் ஹை ஃப்ளோவை எடுத்துவிட்டுச் சாதாரண மூக்குக் குழாய். ரத்தக் குழாய்கள் கசிகிற நோய் என்பதால் முதல் நாளிலிருந்தே சலைனைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தோம், அதுவும் உதவியிருக்கும். பத்தாம் நாள் வீட்டுக்குப் போனார். ட்யூப் போட வேண்டி வரவில்லை.

இனி இந்தச் சிகிச்சையைப் பற்றி உண்மையில் என்ன தெரியும் என்று பார்ப்போம். வென்டிலேட்டரில் இருக்கும் தீவிர நோயாளிகளுக்குக் குப்புறப் படுக்க வைப்பது உயிர் காக்கிறது என்பதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. 2013-ல் பிரெஞ்சு மருத்துவர் கெரின் குழு வெளியிட்ட ப்ரோசேவா ஆய்வில் 466 நோயாளிகள், தினமும் குறைந்தது 16 மணி நேரத் தொடர் அமர்வு, 28 நாளில் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாக இறங்கியது. விழித்திருப்பவர்களில் கதை வேறு. 2021-ல் ஆறு நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்து 1,100-க்கு மேற்பட்ட கோவிட் நோயாளிகளிடம் பார்த்தபோது, ஹை ஃப்ளோவில் இருந்தவர்களில் ட்யூப் போடப்பட்டவர்கள் அல்லது இறந்தவர்கள் 46-லிருந்து 40 சதவீதமாகக் குறைந்தார்கள். குறைந்தது ட்யூப் போடுவதுதான், இறப்பில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. 2022-ல் வந்த கோவி-ப்ரோன் ஆய்வில் 400 பேர், ட்யூப் போட்டவர்கள் வழக்கமான சிகிச்சையில் 40.5 சதவீதம், குப்புறப் படுக்க வைத்தவர்களில் 34.1 சதவீதம், புள்ளியியல் கணக்கில் அது உறுதியான வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு கனடாவிலும் அமெரிக்காவிலும் சாதாரண வார்டு நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில் பலனே தெரியவில்லை. ஆனால் அங்கே முதல் 72 மணி நேரத்தில் மொத்தமாகவே நடுத்தர அளவு 6 மணி நேரம்தான் குப்புறப் படுத்திருக்கிறார்கள். ஆறு நாடுகளின் ஆய்வில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் படுத்தவர்களுக்கு நன்றாக இருந்தது. நோய் லேசாக இருப்பவர்தான் அதிக நேரம் படுக்க முடியும் என்பதால் இதைக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் மூன்று நாளில் ஆறு மணி நேரம் செய்துவிட்டு இது பலிக்கவில்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இவையெல்லாம் கோவிட் ஆய்வுகள், இந்த அம்மாவுக்கு வந்தது ஸ்க்ரப் டைஃபஸ். அவரைக் குணப்படுத்தியது மருந்து, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்தியாவிலேயே நடத்தப்பட்டு 2023-ல் வெளியான இன்ட்ரெஸ்ட் ஆய்வு, தீவிர ஸ்க்ரப் டைஃபஸில் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று காட்டியது. குப்புறப் படுத்தது செய்ததெல்லாம் மருந்து பலிக்கும் வரை ட்யூப் இல்லாமல் நாளைத் தள்ள உதவியதுதான். படுக்காமலிருந்தாலும் தப்பியிருப்பாரா என்று ஒரே கேஸை வைத்துச் சொல்ல முடியாது. வென்டிலேட்டர் எண்ணிக்கை குறைவாக உள்ள ஒரு மருத்துவமனையில், சற்றுத் தள்ளி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதே ஆபத்தான நிலையில், அந்த ஒன்றரை இரண்டு நாள் அவகாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கர்ப்பம் முதிர்ந்தவர், தண்டுவடமோ இடுப்பெலும்போ தொடையெலும்போ முறிந்து நிலைப்படாதவர், காலில் ரத்தம் உறைந்து சிகிச்சை ஆரம்பித்து 48 மணி நேரம் ஆகாதவர், ரத்த அழுத்தம் நிலையில்லாதவர், சுயநினைவு தடுமாறுகிறவர், ஓயாமல் வாந்தி எடுக்கிறவர் ஆகியோரிடம் இதை முயலக் கூடாது. வயதானவர்களில் கழுத்துத் தேய்மானம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

மூன்று வாரம் கழித்து ரெவ்யூவுக்கு வந்தார். எக்ஸ்ரே கிட்டத்தட்ட தெளிந்திருந்தது, ஆறு நிமிடம் நடக்க வைத்தும் சாச்சுரேஷன் 97-க்குக் கீழே இறங்கவில்லை. தை அறுப்புக்குப் போகலாமா என்று கேட்டார். இந்த அறுவடை வேண்டாம், அடுத்த நடவுக்குப் போகலாம் என்றேன். போனால் வரப்புப் புல்லில் நேராக உட்காராமல் சாக்கு விரித்து உட்காரவும், வீட்டுக்கு வந்ததும் குளித்து, வயலில் உடுத்திய துணியை அன்றே வெந்நீரில் துவைக்கவும், மறுபடியும் காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் நேராக இங்கே வரவும் சொல்லியிருக்கிறேன். இதை மகளிடமும் தனியாகச் சொன்னேன், அவர் அதையும் எழுதிக்கொண்டார்.